நேசம்மாள் பாலைவனத்தில் சொன்ன சாட்சி

தக்கலையில் யாரிடம் கேட்டாலும், "நேசம்மாளா, நல்ல தையல்காரி, அதிகம் வாய் பேசாது" என்றுதான் சொல்வார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பதினைந்து வருஷமாகப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அவள் வாயைக் கேட்டவள் நான். புளிசேரியில் உப்பு கூடினதிலிருந்து போதகர் வீட்டம்மா பிளவுசுக்கு மூன்று தடவை அளவு மாற்றினது வரை எல்லாம் என்னிடம் கொட்டுவாள். எல்லாம் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒன்றைக் கொண்டுபோய் ராஜஸ்தான் மணலில், பாஷை தெரியாத நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் பெயர் தாணம்மாள். தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் எங்கள் கடை. ஒரு அறை, இரண்டு மெஷின். அவள் சபைக்காரி, நான் கோயில்காரி. அவளுடைய வசனக் காலண்டரும் என்னுடைய முத்தாரம்மன் படமும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. நேசம்மாளின் அப்பா ரப்பர் பால் வெட்டப் போனவர். மிஷன் தையல் வகுப்பில் படித்து, இருபத்திரண்டு வயதில் யேசுரத்தினத்தைக் கட்டினாள். அவன் ஏசி மெக்கானிக். மகள் ஷெர்லின் பிறந்த கையோடு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவான். ஷெர்லின் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வந்துபோனவன்தான், பிறகு ஆளைக் காணோம். விசா சரியில்லை, கம்பெனி லீவு விடவில்லை, கொரோனா என்று நேசம்மாள் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொன்னாள். நாங்களும் தலையாட்டினோம். ஆள் வராவிட்டாலும் பெட்டி வந்துகொண்டிருந்ததே.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவள் வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியிருக்கும். சுற்றிலும் நைலான் கயிறு வரிந்து கட்டி, மேலே தடித்த பேனாவால் பெயரும் விலாசமும் எழுதியிருக்கும். குளச்சல்காரர் ஒருவர் ஊருக்கு வந்தார், அவர் கையில் கொடுத்துவிட்டார் என்பாள். சோப்பு, பால்பொடி, பிஸ்தா, மகளுக்கு ஒரு உடுப்பு, ஒரு வாட்ச். எனக்கு வருஷம் தவறாமல் ஒரு கோடாலித் தைலம். தலைவலி வரும்போதெல்லாம் யேசுரத்தினம் அண்ணன் நல்லா இருக்கட்டும் என்று மனதார வாழ்த்திக்கொண்டே நான் அதை நெற்றியில் தேய்த்திருக்கிறேன். சவம், நினைத்தால் இப்போதும் நெற்றி எரிகிறது.

அத்தனையும் பொய். அவனுக்கு மஸ்கட்டில் வேறு குடித்தனம். இவளை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. நேசம்மாள் களியக்காவிளைக்குப் பஸ் ஏறிப்போய், வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் தையல் கூலியைக் கொட்டி எல்லாம் வாங்கி, அதே கடையில் காலிப் பெட்டியும் கேட்டு வாங்கி, தன் கையால் கட்டித் தனக்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஊரை ஏமாற்ற அல்ல, ஷெர்லினுக்காக. அப்பா நம்மை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று அந்தப் பெண்ணுக்கு ஒருநாளும் தெரிந்துவிடக் கூடாது. நேசம்மாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான். ஷெர்லின் இப்போது கோயம்புத்தூரில் பார்மசி படிக்கிறாள். அப்பாவோடு வாட்ஸ்அப்பில் தினமும் பேச்சு. அந்த நாட்டில் அதில் கூப்பிட்டுப் பேச முடியாது, எழுத மட்டும்தான் முடியும் என்பது இங்கே கல்ஃப்காரன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் ஷெர்லினுக்கும் சந்தேகம் வரவில்லை.

இனி அஜிஷாவுக்கு வருகிறேன். நேசம்மாள் சபையில் செல்வதாஸ் வாத்தியாரின் மகள். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதனாக நின்றவள். சிறகு தைத்துக் கொடுத்தது நேசம்மாள்தான். பிறகு சென்னை, டெல்லி என்று போய் நாடகம் படித்து ஒரு குழு வைத்திருக்கிறாள். இந்த ஜனவரியில் ஊருக்கு வந்தவள் நேரே கடைக்கு ஏறி வந்தாள்.

"சித்தி, எங்ககூட வாருங்க. ஜெய்சல்மேர் தாண்டி பாலைவனத்துல ஒரு கலைவிழா. நாடகக்காரங்க, பாட்டுக்காரங்க, படம் வரையக்கூடியவங்க எல்லாரும் ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. உடுப்பு தைக்க ஒரு ஆளு வேணும்."

"வேலைக்காரியாட்டா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அங்க வேலைக்காரியும் கிடையாது, மொதலாளியும் கிடையாது தாணம் சித்தி. எல்லாரும் ஒண்ணுபோலயாக்கும்."

திருவனந்தபுரத்தைத் தாண்டாத நேசம்மாள், யோசித்துச் சொல்கிறேன் என்பாள் என்று பார்த்தால், "வாறேன் மக்கா" என்று அங்கேயே சொல்லிவிட்டாள். கையில் இருந்த பாவாடைக்கு நாடா கோப்பதற்குள் பயணம் முடிவாகிவிட்டது.

அங்கே போய் அடிக்கடி கூப்பிட்டாள். டவர் கிடைக்க ஒரு மணல்மேட்டில் ஏற வேண்டுமாம். மூச்சு வாங்க வாங்கக் கதை சொல்வாள். கூடாரத்தில் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் படுக்கை. முதல் நாளே தன் சேலை ஒன்றை நடுவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். மறுநாள் பார்த்தால் அந்தச் சேலை மறைவுக்குள் வந்து படுக்க இடம் கேட்டு எட்டுப் பெண்கள். ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். பாத்திரம் விளக்க மணல். காலேஜ் புரொபசர் ஒருவர் வெங்காயம் அரிந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, பின்னால் வரிசையில் தட்டேந்தி நின்றது பெரிய பாட்டுக்காரராம். இவள் முறை வந்த நாளில் பெட்டியிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்துப் பொரித்திருக்கிறாள். பாதிக் கூடாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது, மீதிப் பாதி சட்டியை வழித்தது.

"தாணு, கேட்டியா, கூடாரத்து நடுவுல ஒரு செவப்புக் கம்பளம் உண்டு. அதுல என்னத்த வச்சாலும் அது எல்லாருக்கும் உள்ளதாம். தெரியாம எனக்க தேங்காண்ணக் குப்பிய வச்சிட்டுத் தலை சீவிட்டுப் பாக்கேன், ஒரு தாடிக்காரன் அத எடுத்து உள்ளங்கால்ல தேச்சிட்டு இருக்கான்."

இரண்டு பேரும் போனில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பொழுது சாய்ந்ததும் அந்தக் கம்பளத்தைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்களாம். ஒவ்வொருவராக மனதில் இருப்பதை எடுத்து வைக்க வேண்டும். ஒருத்தி தன் குடிகார அண்ணனைப் பற்றிச் சொன்னாள், ஒருவர் செத்துப்போன தன் குழந்தையைப் பற்றிச் சொன்னார். நேசம்மாளுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என்றே எடுத்துக்கொண்டாள். அவர்கள் கூட்டத்துக்கு நானும் எத்தனையோ தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன், சுண்டல் நன்றாக இருக்கும். பாட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கித் தன் பாடுகளைச் சொல்வார். அதற்குச் சாட்சி என்று பெயர். சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடி, "இந்தக் காரியத்தை உம்முடைய பாதத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே" என்று ஜெபிப்பார். அதோடு அது முடிந்தது. ஒப்புக்கொடுத்ததை யாரும் திருப்பி எடுத்துப் பேசக் கூடாது. பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம். அது தெரிந்துதான் நேசம்மாள் இங்கே எத்தனை வெள்ளிக்கிழமை எழுந்து நின்றாலும், "குடும்பக் காரியம் ஒண்ணு உண்டு, ஜெபிச்சுக்கிடுங்க" என்பதற்கு மேல் வாயைத் திறந்ததில்லை.

பாலைவனத்தில் திறந்தாள். ஊர் இல்லை, சபை இல்லை, தமிழ் தெரிந்த காது அஜிஷா ஒருத்திதான். எழுந்து நின்று, ஸ்தோத்திரம் சொல்லி, பெட்டியைப் பற்றி, புருஷனைப் பற்றி, மகளிடம் மறைத்ததைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டாள். அஜிஷா வரிக்கு வரி இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். முடித்ததும் நேசம்மாள் அவள் கையைப் பிடித்து, "மக்கா, நீ ஒப்புக்கொடு" என்றிருக்கிறாள். ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பெண் அல்லவா, அஜிஷா கண்ணை மூடி, தமிழில், சுத்தமாக ஒப்புக்கொடுத்து ஆமென் சொன்னாள். யார் யாரோ வந்து கட்டிப்பிடித்தார்கள்.

மறுநாள் மணல்மேட்டிலிருந்து கூப்பிட்டாள். "நெஞ்சுக்கூடு லேசா இருக்கு தாணு."

"ஏம்ட்டி, என்னவாம் விசேஷம்?"

"ஒண்ணுமில்ல, இங்க நல்ல காத்தாக்கும்" என்றாள். காற்றாம்! என்னிடம் காற்று என்று சொல்ல அவளுக்கு எப்படி மனசு வந்தது?

இரண்டு நாள் கழித்து அஜிஷா ஒரு உடுப்பு தைக்கச் சொன்னாள். கடைசி நாளுக்குப் புதிதாக ஒரு நாடகம் கட்டியிருக்கிறேன், அதில் சாதாரண வீட்டு அம்மா ஒருத்தி வருகிறாள், பூப்போட்ட நைட்டி வேண்டும், தோளில் துவர்த்துத் துண்டு போட வேண்டும் என்றாள். அளவுக்கு உங்கள் நைட்டியையே தாருங்கள் சித்தி என்று கேட்டு வாங்கினாள். இவளும் சந்தோஷமாக உட்கார்ந்து, கழுத்துப் பட்டியை அடித்துப் பிரித்து இரண்டு தடவை சரிசெய்து தைத்துக் கொடுத்தாள். தன் தோலை உரித்துக்கொள்ள அவள் கையாலேயே தைக்க வைத்திருக்கிறாள் அந்த மூதி.

கடைசி நாள் சாயங்காலம், திறந்த மணலில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நேசம்மாள் முன்வரிசையில். அஜிஷா அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து வந்தாள்.

பேச்சு முழுக்க இங்கிலீஷும் இந்தியும். நேசம்மாளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் ஒன்றும் புரியாமல் போகவில்லை. அஜிஷா பெட்டிக்குள் சோப்பை அடுக்கினாள், கூட்டம் சிரித்தது. பெட்டியின் மேல் தனக்கே விலாசம் எழுதுகிற மாதிரி காட்டினாள், சிரித்தது. பிறகு இரண்டு கையிலும் இரண்டு போனை எடுத்தாள். ஒரு போன் மகளோடு அம்மாவாகப் பேசுவதற்கு, மற்றது அதே மகளோடு அப்பாவாக எழுதுவதற்கு. இது சிணுங்கினால் இதற்கு ஓடினாள், அது சிணுங்கினால் அதற்கு ஓடி மீசையை முறுக்குகிற மாதிரி காட்டினாள். கூட்டம் மணலில் உருண்டு புரண்டு சிரித்தது. கட்டிப்பிடித்து அழுத பெண்களும் அதில் இருந்தார்கள். ஆமாம், ஷெர்லினுக்கு அப்பாவாக எழுதியதும் நேசம்மாள்தான். மணல்மேட்டில் ஏறினது என்னோடு பேச மட்டும் அல்ல.

அவள் எழுந்து கூடாரத்துக்குப் போய்விட்டாள். ஆட்டம் முடிந்து அஜிஷா வேர்வையும் சிரிப்புமாக வந்தாள்.

"ஏன் மக்கா இப்பிடிச் செய்த?"

"சித்தி, நீங்க நடுவுல வச்சிட்டீங்கல்லா? அது இப்ப எல்லாருக்கும் உள்ளது. உங்க பேர நான் சொல்லலியே."

"நீதானே கண்ண மூடி ஒப்புக்கொடுத்த."

அஜிஷா தோளில் கிடந்த துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "எத்தன பேரு கடைசியில அழுதாங்க பாத்தியளா? உங்கள மதிக்கதுனாலதான் சித்தி செய்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்ற நாற்பது பேரையும் நான் மன்னிப்பேன், அவர்களுக்குக் கம்பளம் மட்டும்தான் தெரியும். இவளுக்கு இரண்டும் தெரியும். ஆண்டவர் பாதத்தில் வைத்ததைக் கண் திறந்ததும் கையில் எடுத்துக்கொண்டாள்.

நேசம்மாள் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே எனக்கு விஷயம் வந்துவிட்டது. கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற தன்யா சிரித்துக்கொண்டே மேலே வந்து போனை நீட்டினாள். "நம்ம அஜிஷா அக்காக்க நடிப்பப் பாருங்க." யாரோ படம் பிடித்துத் தமிழில் எழுத்தும் போட்டிருந்தார்கள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து ஊசியில் நூல் கோக்கிறதைப் பார்த்ததுமே அது நேசம்மாள் என்று தெரிந்துவிட்டது. அதற்குள் அடுத்த காட்சி. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு தைலம் கொடுக்கிறாள். அந்த முட்டாள் அதை நெற்றியில் தேய்த்துக்கொண்டே கைகூப்பி அண்ணனை வாழ்த்துகிறாள். கூட்டம் கெக்கலி கொட்டுகிறது. அந்த முட்டாள் நான்தான். தன்யாவும் சிரித்தாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அஜிஷாவைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன். "எங்க பேஜ்ல இருந்து வீடியோவ எடுத்துட்டேன் சித்தி, ஆனா மத்தவங்க எடுத்துப் போட்டதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது?

நேசம்மாள் வந்த அன்று நான் முகம் கொடுக்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் தாங்க முடியாமல் கேட்டேன். "எனக்க கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா ஏட்டி? நான் ஆருகிட்ட போயிச் சொல்லப் போறேன்?"

"நீ சொல்லமாட்ட தாணு. ஆனா ஷெர்லின் கடைக்கு வந்தா, நீ அவளப் பாக்குத பார்வையில அவளுக்குத் தெரிஞ்சிரும். உனக்கு மூஞ்சில ஒண்ணையும் மறைக்கத் தெரியாது."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. அப்போதுதான் அவளிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கினேன். மேலே சொன்னதெல்லாம் அன்றைக்கு அவள் சொன்னது.

சபையில் ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும், "தனிமையில் வாழ்கிற சகோதரிகளுக்காக" என்று நீளமாக ஒரு ஜெபம் ஏறெடுத்தார்களாம். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அவளுடைய வெப்ராளம் எல்லாம் ஷெர்லின் பார்த்துவிடுவாளோ என்பதுதான். கோயம்புத்தூரில் அவள் கூட்டுக்காரிகளுக்கு நாடகம் கீடகம் பார்க்கிற வழக்கம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஷெர்லினிடமிருந்து ஒரு எழுத்தும் வராமல் நாட்கள் போயின. பரீட்சை நேரம் என்று நான் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பட்டுப் பிளவுசுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மெஷின் மேசை டிராயரில் ஏதோ மணி அடித்தது. அதில் ஒரு பழைய போன் கிடப்பது எனக்குத் தெரியும், கெட்டுப்போனது என்று நினைத்திருந்தேன். நேசம்மாள் கத்தரியைப் பிடித்தபடியே இருந்தாள். நான்தான் டிராயரை இழுத்தேன். திரையில் ஷெர்லின் படம். எழுத மட்டும்தான் முடியும் என்றிருந்த அப்பாவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருக்கிறாள், அது தக்கலையில் மாடியில் அடிக்கிறது. அடித்து அடித்து ஓய்ந்தது. உடனே மேசை மேலிருந்த அவளுடைய சொந்தப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்ப அப்பாவுக்கு அடிச்சேன். மணி கேட்டுதா உனக்கு?"

நேசம்மாள் டிராயரைத் திரும்பத் தள்ளி மூடினாள்.

"கேட்டுதாண்ணு சொல்லும்மா."

"கேட்டுது மக்கா."

ஷெர்லின் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்பா போனா போட்டும். பெட்டிய நீ கட்டினதும் போட்டும், எனக்காகத்தானே கட்டின. ஆனா நான் அவருக்கு எழுதினதெல்லாம் நீ இருந்து வாசிச்சியாம்மா? உன்னப் பத்திக் குற்றம் சொன்னது எல்லாம்?"

"மக்கா, நான் ஒண்ணும் மனசுல வைக்கல..."

"எபிசனப் பத்தி எழுதினேன். உனக்கு மட்டும் தெரியவே கூடாதுண்ணு சொல்லி எழுதினேன். அவன் நல்லவன் அப்பாண்ணு எழுதினேன். நீ என்ன பதில் போட்ட? 'அப்பாவ நேசிச்சா இத விட்டிரு மோள'. அப்பா கேட்டாருண்ணு விட்டேம்மா. நீ கேட்டா விட்டிருக்க மாட்டேன். அது உனக்கும் தெரியும், அதுனாலதானே அவரு பேருல எழுதின. அவனுக்கு இப்ப வேற எடத்துல கல்யாணம் பேசி ஒறச்சாச்சு."

எபிசன் யாரென்று எனக்குத் தெரியாது. நேசம்மாள் முகத்தைப் பார்த்தேன், அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"ஈஸ்டருக்கு நான் வரல. என்ன கூப்பிடாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் திட்டுவதுதான். அஜிஷாவை, அவள் நாடகத்தை, அவள் கம்பளத்தை எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாசமாய்ப் போவாள் என்றேன். நேசம்மாள் துணியை மடித்துக்கொண்டே, "அவள ஏசாத தாணு. அவ எனக்க பேரையாவது மறச்சா" என்றாள். எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. ஒரு பக்கம் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, இன்னொரு பக்கம் இரண்டு அறை விடத் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்தாள்.

குடித்துவிட்டு டிராயரிலிருந்து அந்தப் போனை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"தாணு, இதுல இருந்து அவளுக்கு ஒண்ணு எழுதட்டா? அம்மைகிட்ட பேசாம மிண்டாம இருக்காத மக்கா, அவ பாவம்ணு? அப்பன் சொன்னா அவ கேப்பா."